சணல்: மண்ணுக்குக் குழை, கைக்கு நார்

பங்குனி மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டு வயல்வெளிகளூடாகச் செல்வோர், காலபோக நெல் அறுத்த தாள் காய்ந்து கிடக்கும் வயல்களுக்கிடையே ஒரு சில வயல்கள் மாத்திரம் மஞ்சட் பூப் போர்த்து நிற்பதைக் காண்பர். வழிப்போக்கர் அங்கு நின்று படம் பிடித்துச் செல்வதும் உண்டு. அவ்வயலுக்குரிய கமக்காரரோ பூவின் அழகைப் பார்ப்பதிலும் விதைத்த நாளிலிருந்து எத்தனை நாள் சென்றது என எண்ணிப் பார்த்தலே நன்று. சணலைப் பொறுத்தவரையில் வெட்டும் நாளே பயனை நிர்ணயிக்கின்றது. ஒரு பத்து நாள் முந்தினால் ஒரு பயன். முப்பது நாள் பிந்தினால் வேறொரு பயன். இரண்டுங் கெட்ட நடுநாளில் உழுதாலோ அடுத்த பயிர் மஞ்சளித்து நிற்கும்.

முதலிற் பெயரிலுள்ள மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். அரிசியும் சீனியும் வந்த பழைய சாக்குகளைச் சணற் சாக்கு என்கிறோம். அச்சாக்கு நெய்யப்படும் நார் வங்காளத்திற் பயிராகும் வேறொரு செடியிலிருந்து பெறப்படுவது. அது அவரைக் குலத்தைச் சேர்ந்ததன்று. அதன் வேருக்குக் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் ஆற்றலும் இல்லை. நம்மவர் வயலில் விதைக்கும் சணல், தமிழ்நாட்டிற் சணப்பை எனப்படும் செடியாகும். இதன் முற்றிய காயை ஆட்டினால் உள்ளிருக்கும் விதைகள் கிலுகிலுவென ஒலிக்கும். கிலுகிலுப்பைச் செடியும் இவ்வினத்ததே. சணம் என்ற வடமொழிப் பெயர் நார் தரும் செடியைக் குறித்து மிகப் பழங்காலந்தொட்டு வழங்கி வருவது. ஆகவே இச்செடி முதலில் நாருக்காகவே அறியப்பட்டது. கயிறும் மீன் வலையும் கோணியும் இதன் நாரினாற் செய்யப்பட்டன. நைலோன் வந்தபின் நார்ப் பயன் மறக்கப்பட்டு, பசுந்தாட் பசளையாகவே நம்மிடையில் எஞ்சி நிற்கின்றது.

குழை தாழ்த்தல் வட பகுதிக் கமக்காரருக்குப் புதிதன்று. பூவரசங் குழையும், காவிளாயும், வேலியில் நிற்கும் கிளிசிடியாவும் காலங்காலமாகத் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு வந்தன. ஆனால் அவற்றை வேறிடத்தில் வெட்டி, சுமந்து கொண்டுவருதல் வேண்டும். வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் உயர்ந்துள்ள இக்காலத்தில் ஒரு வண்டில் குழைக்கு ஆகும் செலவைக் கமக்காரர் அறிவர். சணலோ தாழ்க்கப்படும் நிலத்திலேயே முளைத்து வளர்வது. இதனைச் சுமக்க ஆள் வேண்டியதில்லை.

வேரும் முடிச்சும்

இருபத்தைந்து, முப்பது நாட் செடியொன்றை மண்வெட்டியாற் கெல்லி எடுத்து, வேரை மெதுவாக நீரில் அலசிப் பார்த்தால் சிறு முடிச்சுக்கள் காணப்படும். இவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா வாழும் இடங்கள். அப்பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு உதவும் வகையில் மாற்றிக் கொடுக்கின்றது. முடிச்சை நகத்தாற் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின் அது வேலை செய்யவில்லை என்பது பொருள். கௌபியும் பயறும் முன்னர் விளைந்த நிலமாயின் பெரும்பாலும் குறை இராது; அவற்றின் வேரில் வாழும் பற்றீரியாவே சணலுக்கும் உதவும்.

தோட்டக்காரர் சிலர் இம்முடிச்சைக் கண்டு, தக்காளியிலும் கத்தரியிலும் வரும் வேர்முடிச்சு நோய் சணலுக்கும் பிடித்துவிட்டது என அஞ்சி, செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். வேறுபாட்டை அறிதல் எளிது. பற்றீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலாற் தட்டினாற் கழன்றுவிடும். வட்டப்புழுவினால் உண்டாகும் முடிச்சோ வேர் தானே வீங்கியதாகும். அதை வேரினின்றும் பிரிக்க முடியாது. உண்மையில் அவ்வட்டப்புழு சணல் வேரிற் பெருகமாட்டாது. கத்தரியும் மிளகாயும் தக்காளியும் மாறி மாறிச் செய்து புழு பெருகிய தோட்டத்தில், இடையில் ஒருமுறை சணல் விதைத்தால் அதன் தொகை குறையும். பசளைப் பயன் ஒருபுறமிருக்க, இதற்காக மாத்திரமேனும் மரக்கறித் தோட்டத்திற் சணலுக்கு ஓரிடங் கொடுக்கலாம்.

எவ்வளவு பசளை?

சணலைப் புகழ்வோர் சிலர் இனி யூரியா வேண்டியதில்லை என்பர். கணக்குப் பார்த்தல் நன்று. செடி பூக்கத் தொடங்கும் நாளில், வயலின் நடுத்தரமான ஓரிடத்தில் நீளம் ஒரு மீற்றர், அகலம் ஒரு மீற்றர் அளந்து, அதனுள் நிற்கும் செடியை அடியோடு வெட்டி நிறுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு கிலோ இருந்தால் நல்ல விளைவு. ஏக்கரொன்று ஏறத்தாழ நாலாயிரம் சதுர மீற்றராதலால் எண்ணாயிரம் கிலோ, அதாவது எட்டுத் தொன் குழை அங்கு நிற்கின்றது. ஆயிரங் கிலோ பச்சைச் சணலில் நாலு கிலோவுக்குச் சற்று அதிகமான நைதரசன் உண்டு. எட்டுப் பரப்புத் தோட்டமுடைய ஒருவர், அதாவது அரை ஏக்கர்க்காரர், நாலு தொன் குழையினால் ஏறத்தாழ 17 கிலோ நைதரசனை மண்ணிற் சேர்க்கிறார். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உளது. எனவே அவர் சேர்த்தது முக்கால் மூடைக்குச் சமம்.

எனினும் அந்த நைதரசன் முழுவதும் காற்றிலிருந்து வந்ததன்று. ஒரு பகுதி மண்ணிலிருந்தே உறிஞ்சப்பட்டது. அடுத்த பயிருக்கு உடனே கிடைப்பதும் பாதிக்கு மேலென எண்ணலாகாது. மீதி மெதுவாகவே உக்கி வெளிவரும். பொசுபரசையும் பொற்றாசியத்தையும் சணல் புதிதாக உண்டாக்குவதுமில்லை. நிலத்திலிருந்ததையே நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. ஆகவே சணல் தாழ்த்த தோட்டத்தில் யூரியாவைக் குறைக்கலாம். முற்றாக விட்டுவிடலாம் என்பது பொருந்தாது.

ஆயினும் இக்குறைப்புச் சிறிதன்று. யாழ்ப்பாணத்திற் குடிநீரும் தோட்ட நீரும் சுண்ணாம்புக் கல்லினடியில் உள்ள ஒரே நீரிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா, பயிர் உண்டதுபோக, மழையோடும் இறைப்பு நீரோடும் கீழிறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றையடைகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைத் தாண்டியுள்ளது. மலசல கூடக் குழிகளும் இதற்குக் காரணமே. ஆனால் தோட்டக்காரரின் பங்கை மறுத்தற்கில்லை. செம்மண் நிலத்தில் உக்கிய குழை சேரச்சேர, மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறைப்பு இடைவெளியைச் சிறிது நீட்டலாம். பசளையும் வேரருகே தங்கி நிற்கும்.

விதைத்தலும் தாழ்த்தலும்

நெல் அறுத்தவுடன், ஈரம் உலருமுன், ஒருமுறை மேலாக உழுது விதைத்தல் வேண்டும். ஒரு வாரம் தாமதித்தாலும் முளை குறையும். பரப்புக்கு ஒரு கிலோ முதல் ஒன்றேகால் கிலோ விதை போதும். பதினாறு பரப்புக் கொண்ட ஏக்கருக்குப் பதினாறு முதல் இருபது கிலோவாகும். நெருக்கமாக முளைத்தால் செடி கிளைக்காது நிமிர்ந்து வளரும். நிழலினால் களையும் அடங்கும். நீர் தேங்கும் பள்ள வயலிற் சணல் நில்லாது. அங்கு விதைத்து விதையை வீணாக்கவேண்டாம்.

அறுவடைக்குப்பின் வயலிற் கட்டாக்காலி மாடுகளை விடும் வழக்கமே சணலுக்குப் பெரும் இடையூறு. ஒருவர் மாத்திரம் தனியே விதைத்தால் சுற்றியுள்ள மாடெல்லாம் அவர் வயலிலேயே மேயும். ஒரு வெளியிலுள்ள கமக்காரர் பத்துப் பேராவது கமக்காரர் அமைப்பிற் பேசி, ஒரே வாரத்தில் விதைப்பதென முடிவு செய்துகொண்டால் காவலும் எளிது. உழவு இயந்திரத்தையும் ஒருமுறையில் அழைக்கலாம். ஏட்டளவில் இது சிறிய காரியம். சணல் பல ஊர்களிற் கைவிடப்பட்டதற்கு மண்ணோ மழையோ அன்றி இதுவே காரணமாயிற்று என முதிய கமக்காரர் கூறுவதைக் கேட்கலாம்.

தாழ்க்கும் நாள் நிலத்துக்கு நிலம் வேறுபடும். இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

சணற் தண்டின் நடுவே மரத்தன்மையான தட்டையும், அதைச் சூழ்ந்து பட்டையும் உள்ளன. பட்டையில் இருப்பதே நார். இளஞ்செடியில் இரண்டும் மென்மையாயிருக்கும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளளவில் பூவரும்பு தோன்றியபின் நார் வலுப்பெறத் தொடங்கும்; தட்டை மரமாகும். இளந்தண்டைத் தாழ்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் உக்கி நைதரசனை விடும். முதிர்ந்த தண்டைத் தாழ்த்தாலோ, அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவ்வேளையில் நடப்பட்ட மிளகாயோ வெங்காயமோ பசித்து மஞ்சளிக்கும். பசளையாகத் தாழ்த்த சணலே பயிரைப் பட்டினி போட்டதாகக் குறை கூறுவோர், பெரும்பாலும் பூவெல்லாம் மலர்ந்து முடிந்தபின் உழுதவர்களே.

ஆகவே மரக்கறித் தோட்டத்தில், அடுத்த நடுகைக்கு ஒரு மாதமே இருக்குமாயின், பூவரும்பு கண்டவுடன் தயங்காது தாழ்க்கவேண்டும். தாழ்த்து இரண்டு மூன்று வாரம் மண் ஈரமாயிருக்கப் பார்த்து, அதன்பின் நடலாம். அதற்குமேல் நிலத்தை வெறுமையாக விடுவதும் தவறு. வெளிவந்த நைதரசன் பயிரின்றேல் கிணற்றுக்கே போகும்.

மானாவாரி நெல்வயலின் நிலை வேறு. அங்கு சித்திரையில் தாழ்த்தால் புரட்டாதி விதைப்பு வரை நாலைந்து மாத இடைவெளி உண்டு. அத்தனை காலத்தில் தாழ்த்த நைதரசனில் ஒரு பகுதி வீணாதல் இயல்பு. எனவே வயற் சணலை யூரியாவுக்கு மாற்றாகக் கணக்கிடாமல், மண்ணைப் பொலபொலப்பாக்கும் சேதனப் பொருளாகவே கருதவேண்டும். ஆனால் இந்த நீண்ட இடைவெளியே ஒரு வசதியையும் தருகின்றது. முதிர்ந்த தண்டும் உக்குவதற்குக் காலம் இருக்கின்றது. நாருக்கெனச் சில வரிகளை நிறுத்தி வைத்தாலும் நெல்லுக்குத் தீங்கில்லை. குளத்து நீர்ப்பாய்ச்சலில் சிறுபோகமும் செய்யும் வன்னி வயல்களில் இவ்வசதி இல்லை. இரு போகத்துக்குமிடையில் நாற்பத்தைந்து நாள் கிடைப்பதே அரிது. கிடையாத ஆண்டிற் சணலை விட்டுவிடுவதே புத்தி.

தாழ்க்கும்போது நேரும் ஒரு தொல்லையையும் கூறவேண்டும். இரு சில்லு உழவு இயந்திரத்தின் சுழல் கத்தியில் நீண்ட சணற் தண்டு சுற்றிக்கொள்ளும். அதுவும் நாரின் வேலையே. பத்து அடி செல்லுமுன் இயந்திரத்தை நிறுத்தி, கத்தி கொண்டு அறுத்தெடுக்க நேரிடும். அதனால் முதலில் செடியைக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டி விழுத்திவிட்டு உழவேண்டும். அல்லது மரப்பலகையை இழுத்துச் செடியை ஒரே பக்கமாகப் படுக்கவிட்டு, படுத்த திசையிலேயே தட்டுக் கலப்பையால் உழவேண்டும். எதிர்த் திசையில் உழுதால் செடி புதையாது நிமிர்ந்து எழும்.

நார் எடுத்தல்

நாருக்கென நிறுத்தும் பகுதி வயலின் ஓரத்தில் மூன்று நாலு வரியாயிருந்தாற் போதும். அங்கு விதை சற்று நெருக்கமாக விழவேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில், பூ உதிர்ந்து இளங்காய் திரளும் பருவத்தில் அடியோடு அறுத்து, இரண்டு நாள் அங்கேயே கிடத்தினால் இலை உதிரும். இலையிலேயே நைதரசன் அதிகமாதலால் அது நிலத்திலேயே சேரட்டும். வேரும் நிலத்தில் நிற்கின்றது. தண்டு மாத்திரமே வெளியேறுகிறது.

தடித்த தண்டும் மெல்லிய தண்டும் வெவ்வேறாகக் கட்டப்படல் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஊறுவதில்லை. கட்டின் அடிப்பக்கம் தடிப்பானதால் ஒரு நாள் அடியை மாத்திரம் நீரில் நிற்கவிட்டு, அதன்பின் முழுதும் அமிழ்த்திக் கல்லேற்றவேண்டும். வெயிற் காலத்தில் நாலு முதல் ஏழு நாளில் ஊறிவிடும். நாலாம் நாளிலிருந்து தினமும் ஒரு தண்டை எடுத்து அடியை முறித்து இழுத்துப் பார்க்கவேண்டும். பட்டை தட்டையினின்றும் வழுக்கிக் கழன்றால் அன்றே கரையேற்றவேண்டும். ஒரு நாள் மறந்தால் நாரும் உளுத்துவிடும். நல்ல நீரில் அலசி, வேலிக் கதியாலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. நூறு கிலோ பச்சைத் தண்டில் மூன்று நாலு கிலோ நாருக்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

ஊறவைத்த நீர் கறுத்து நாறும். அதில் மீன் வாழாது. குடிக்கும் கிணற்றருகிலும், மக்கள் குளிக்கும் குளத்திலும், மாடு நீரருந்தும் துரவிலும் சணல் ஊறப்போடுதல் ஒருபோதும் ஆகாது. தனிக் குழி வெட்டி, அந்நீரைப் பின்னர் தென்னையடிக்கு விடலாம்.

இவ்வளவும் ஏன் எனக் கமக்காரர் கேட்கலாம். விற்று இலாபம் பெறுவதற்கென நார் எடுக்கும்படி இங்கு சிபாரிசு செய்யப்படவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் நாரின் விலை கூலிக்குப் போதாது. ஆனால் வீட்டுத் தேவையைப் பார்த்தல் வேண்டும். பயற்றங்கொடிக்கும் பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் கட்டவும், தக்காளியைத் தடியோடு சேர்க்கவும் ஆண்டுதோறும் நைலோன் நூல் வாங்கப்படுகின்றது. பயிர் முடிந்தபின் கொடியோடு அந்நூலும் அறுந்து மண்ணில் விழுகின்றது. அது உக்குவதில்லை. கொடியைக் கூட்டெருவிற் போடவும் முடியாது. எரித்தால் நச்சுப் புகை. உழுதால் கலப்பையிற் சுற்றும். சணற் புரியினாற் கட்டிய பந்தலைக் கொடியோடு வெட்டி அப்படியே கூட்டெருக் குழியில் இடலாம். வாழை நாரும் இதற்கு உதவும். ஆனால் ஒரு மாரியைத் தாங்காது. தென்னந்தும்புக் கயிறு உறுதியானது. மெல்லிய கொடியை அது வெட்டிவிடும். சணல் நார் மென்மையும் வலுவும் உடையது. நனைவதால் விரைவில் உளுத்துப்போகாது. மாரிக்காலத்தில் வேலை குறைந்த நாட்களில் வீட்டிலிருந்து திரிக்கலாம். இரு புரி கொடி கட்டவும், மூன்று புரி கன்று கட்டவும் போதும்.

விதை

இத்தனைக்கும் அடிப்படை விதை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதை எவரும் மறந்திரார். சணல் விதைப்பயிர் முற்றுவதற்கே நாலைந்து மாதம் வேண்டும். அத்தடைக் காலத்தில் விதையைத் தேடத் தொடங்கிய ஒருவர், அதை விளைவித்து, பின் விதைத்து, பின் தாழ்ப்பதற்குள் போகம் தாண்டியிருக்கும். 1990களிற் போர் காரணமாக வட பகுதிக்கு யூரியா வராதிருந்த ஆண்டுகளிலும் வீட்டில் விதை வைத்திருந்தவரே பசுந்தாளை நம்ப முடிந்தது.

ஆதலால் நாருக்கென நிறுத்திய ஓரத்துக்கு அப்பால் ஒரு பரப்பிலேனும் விதைக்கெனச் சணல் நிற்கட்டும். இங்கு விதை ஐதாக விழவேண்டும். ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளினாற் கிளை கூடும். சணற் பூ தன் மகரந்தத்தாற் காய் பிடிப்பது அரிது. பெரிய கருவண்டும் தேனீயும் வந்து பூவை அழுத்தித் திறந்தாலே காய் பிடிக்கும். எனவே பூக்காலத்தில் அருகிலுள்ள பயிருக்குக் கிருமிநாசினி தெளிப்பதாயின், வண்டுகள் அடங்கிய மாலையிலேயே தெளிக்கவேண்டும். புள்ளியிட்ட சிறகுடைய அந்துப்பூச்சியின் மயிர்ப்புழு இலையையும் காயையும் தின்னும். சிறு பரப்பாதலால் கையாற் பொறுக்கி அழிக்கலாம்.

காய் கிலுகிலுக்கத் தொடங்கியதும் காலையில் அறுத்து, களத்திற் காயவிட்டுத் தடியால் அடித்தால் விதை உதிரும். விதையில் நஞ்சுண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் காயையும் விதையையும் தின்னக் கொடுக்கலாகாது. அடித்த களத்தைக் கூட்டி, சிதறியதையும் அள்ளிவிடவேண்டும். மூன்று நாள் வெயிலில் உலர்த்திய விதையை உலர்ந்த போத்தலிலோ மூடியுள்ள தகரப் பேணியிலோ அடைத்து, விதைத்த மாதத்தையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். அடுத்த மாசியில் விதைக்குமுன் நூறு விதையை ஈரச் சாக்கிற் சுற்றி நாலு நாள் வைத்துப் பார்த்து, எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் விதையின் அளவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளவும்.